இரண்டு பிள்ளைகளோடு பயணம்: இரட்டை ஸ்ட்ரோலரா, ஒற்றையும் கேரியருமா?

“அக்கா, ரெண்டு பேரையும் எதுல வச்சுக் கூட்டிட்டுப் போறீங்க?”

நவம்பர் பிறந்தால் எங்கள் புளோக் லிஃப்டில் இந்தக் கேள்வி வந்துவிடும். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கும் நேரம். ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. நடக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று, கைக்குழந்தை ஒன்று. இரட்டை ஸ்ட்ரோலர் வாங்கலாமா, இருக்கிற ஒற்றையை வைத்துச் சமாளிக்கலாமா என்று யோசித்து யோசித்துக் கடைசி வாரத்தில் எதையாவது வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். மகனுக்கு மூன்று வயது, மகளுக்கு எட்டு மாதம். பெரிய இரட்டை வண்டி ஒன்றை வாங்கித் திருச்சிக்குக் கொண்டுபோனேன். அடுத்த முறை ஒற்றை வண்டியும், குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியருமாகப் போனேன். நடுவில் ஒரு மாதம் பக்கத்து வீட்டாரின் முன்பின் இருக்கை வண்டியை இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறேன். அதனால் நான் சொல்வதில் பெரும்பகுதி கை வலித்துத் தெரிந்துகொண்டது.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மடக்கும் நேரம். கடையில் எல்லா வண்டியும் அழகாக உருளும். வழவழப்பான தரை, காலி இருக்கை, ஒரு விரலால் தள்ளினாலே போகும். பயணத்தில் சிரமம் வருவது வண்டியை மடக்கும்போதுதான். அந்த நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் வண்டிக்கு வெளியே இருப்பார்கள். கூடையில் கிடந்த பால் புட்டி, துண்டு, டயபர் பை எல்லாம் தரையில் இருக்கும். உங்களுக்கு இருப்பது இரண்டு கைதான்.

முதல் பயணத்தில் எண்ணிப் பார்த்தேன். வீட்டு வாசலில் டாக்ஸி வந்தபோது ஒன்று, பாதுகாப்புச் சோதனையில் ஒன்று, விமானத்தின் வாசலில் ஒன்று, திருச்சியில் காரில் ஏற்ற ஒன்று. கீரனூரில் டீ குடிக்க நிறுத்தியபோது பிள்ளைகளை உட்கார வைக்கலாமே என்று விரித்து மறுபடி மடக்கியது ஒன்று. ஆக, அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்து முறை. அதில் மோசமானது விமான வாசல்தான். மகள் இடது இடுப்பில். வலது கையால் பூட்டை விடுவித்தேன். அந்த மாடலுக்கு இரண்டு பக்கத்திலும் பூட்டு, ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். குனிந்து இரண்டாவதைத் தேடுவதற்குள் மகன் விமானத்துக்கும் அதில் ஏறும் பாலத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை எட்டிப் பார்க்கப் போய்விட்டான். பின்னால் நின்ற ஒரு பாட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: மடக்கும்போது பிள்ளைகள் யார் கையில்?

விமானப் பயணத்தில் மட்டும் வருவதல்ல இது. சிங்கப்பூர்ப் பேருந்துகளில் 2017 ஏப்ரலிலிருந்து ஸ்ட்ரோலரை மடக்காமலே ஏற்றலாம். ஆனால் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அந்த இடம் அவருக்குத்தான், அதுவே நியாயம். அப்போது ஓடும் பேருந்தில் மடக்க வேண்டிவரும்.

அகலம். பக்கத்துப் பக்கம் உட்காரும் வண்டிகள் 70 முதல் 77 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஊரில் வீட்டுக் கதவை அடிக்கணக்கில்தான் சொல்வார்கள். தலைவாசல் மூன்றரை அடி, அறைக் கதவு மூன்றடி, குளியலறை இரண்டரை அடி. மூன்றடி என்றால் 91 சென்டிமீட்டர், அதில் நிலைச்சட்டத்தின் கனம் போக மிஞ்சுவதுதான் வழி. உருண்டு போய்விடும், ஆனால் வாசப்படி தடுக்கும். தெருவில் சாக்கடை மூடி, வேகத்தடை, கடை வாசலில் நிற்கும் பைக் எல்லாவற்றுக்கும் நடுவில் 76 சென்டிமீட்டர் வண்டிக்கு வழி தேடுவது பெரும்பாடு.

எடை. கூட்டிப் பாருங்கள். வண்டி 14 கிலோ, மூத்தவன் 14, சின்னவள் 8, கூடையில் 4. மொத்தம் 40 கிலோ. தள்ள முடியும், ஆனால் நான்கு படி இருந்தால் தனியாளாகத் தூக்க முடியாது.

மூத்த பிள்ளையின் வயது. மூன்று வயது முடிந்த பிள்ளை இன்னும் எத்தனை மாதம் வண்டியில் உட்காரும்? அதே போல, சின்னது இன்னும் உட்காரப் பழகவில்லை என்றால் ஏறக்குறைய ஆறு மாதம் வரை தட்டையாகச் சாயும் இருக்கை வேண்டும். இலகு வண்டிகளில் பலவற்றில் அது கிடையாது.

விமான விதி. பெரும்பாலான விமான நிறுவனங்கள் குழந்தை வண்டிக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் எதுவரை உருட்டிக்கொண்டு போகலாம், இறங்கியதும் எங்கே கிடைக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். விமான வாசலில் கிடைத்தால் நிம்மதி. லக்கேஜ் பெல்ட்டில் வந்தால் குடிநுழைவு வரிசை முழுக்க இரண்டு பேரையும் தூக்கி நிற்க வேண்டும். டிக்கெட் போடும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே பிள்ளைக்கு மடிதான் இருக்கை, அதுவும் ஒரு பெரியவருக்கு ஒரு மடிக்குழந்தை மட்டும்தான். ஆகவே இரட்டைக் குழந்தைகளோடு தனியாகப் போகிறவர் ஒரு குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும்.

## பக்கத்துப் பக்கம் உட்காரும் இரட்டை வண்டி

நான் முதலில் வாங்கியது இது. பிள்ளைகளுக்கு இதைப் போல வசதி வேறெதிலும் இல்லை. இருவருக்கும் ஒரே காட்சி, இரண்டு இருக்கையும் தனித்தனியாகச் சாயும். ஒருத்தி தூங்க, ஒருத்தன் பிஸ்கட் தின்னலாம். தள்ளுவதும் திருப்புவதும் சுலபம். சிங்கப்பூர் நடைபாதையிலும் மாலிலும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

எடையில் பெரிய வித்தியாசம் உண்டு. மவுண்டன் பக்கி நானோ டுவோ போன்ற இலகு வகை 10 கிலோவுக்குள் கிடைக்கிறது. பேபி ஜாகர் சிட்டி மினி ஜிடி2 இரட்டை போன்ற உறுதியான வகை 16 கிலோவைத் தாண்டும். பின்னதன் சக்கரம் மேடு பள்ளத்தை நன்றாகத் தாங்கும், டாக்ஸி டிக்கியில் ஏற்றும்போது இடுப்பு தாங்காது. பயணத்துக்கென்று வாங்கினால் இலகு வகையைப் பாருங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: பிள்ளைகளின் எடை சமமாக இல்லாவிட்டால் வண்டி கனமான பக்கத்துக்கு இழுக்கும். மூத்தவன் 14 கிலோ, இளையவள் 8 என்றால் அரை மணி நேரத்தில் ஒரு பக்க மணிக்கட்டு வலிக்கும். கூடைச் சாமானை எல்லாம் சின்னவள் பக்கம் தள்ளி வைத்தபோது கொஞ்சம் சரியானது.

இன்னொன்று டிக்கி. ஊரில் கார் பிடித்தால் டிசையரோ எட்டியோஸோ வரும். சிஎன்ஜி எரிவாயுவில் ஓடும் காராக இருந்தால் டிக்கியின் பாதியைச் சிலிண்டரே பிடித்துக்கொள்ளும். இன்னோவா பெரிய வண்டிதானே என்று நினைத்தோம். மூன்றாவது வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் பின்னால் இடமே இல்லை. கடைசியில் எங்கள் ஸ்ட்ரோலர் காரின் கூரைமேல் கயிறு கட்டித்தான் புதுக்கோட்டைக்கு வந்தது.

வந்த பிறகு இரண்டு வாரத்தில் மூன்று நாள் பயன்பட்டது. கோயிலுக்குப் போனால் கோபுர வாசலோடு சரி, உள்ளே படியும் வாசற்காலுமாக இருக்கும் இடத்தில் பிள்ளைகளைத் தூக்கத்தான் வேண்டும். கல்யாண வீட்டில் நாற்காலிகளுக்கு நடுவே நுழையாது. அந்த மூன்று நாளில் ஒன்று மட்டும் நெஞ்சுக்கு நிறைவாக இருந்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில், 602 ஹெக்டேர் இடத்தில், அகலமான நிழல் சாலையில் இரண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த வண்டி அப்படிப்பட்ட இடத்துக்கானதுதான்.

யாருக்கு ஏற்றது: இரட்டைக் குழந்தைகள், ஒன்றரை வயதுக்குள் இடைவெளி உள்ள பிள்ளைகள், தீம் பார்க், பெரிய பூங்கா என்று நாள் முழுக்க நடக்கும் பயணம். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களுக்குப் போகிறவர்கள் ஓர் அளவை நினைவில் வையுங்கள். 2019 மே மாதத்திலிருந்து அங்கே 79 சென்டிமீட்டர் அகலத்தையும் 132 சென்டிமீட்டர் நீளத்தையும் தாண்டிய ஸ்ட்ரோலருக்கு அனுமதி இல்லை.

## முன்பின் இருக்கை வண்டி

பெரிய ஒற்றை வண்டியின் அகலம்தான், 60 முதல் 66 சென்டிமீட்டர். எம்ஆர்டி ரயில் நிலையக் கேட்டிலும் மினிமார்ட் சந்திலும் தடங்கல் இல்லாமல் போகும். தினசரி நகர வாழ்க்கைக்கு நான் இதையே சொல்வேன்.

பயணத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. நடைபாதை ஓரத்தில் ஏற்ற, கைப்பிடியை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்க வேண்டும். முன்னால் 14 கிலோ பிள்ளை உட்கார்ந்திருந்தால் உடல் எடையையே அதில் போட வேண்டும். மூத்ததைப் பின்னால் வைத்தால் தூக்குவது சுலபம், ஆனால் முன்னால் இருப்பதை எடுத்தவுடன் சில மாடல்கள் பின்பக்கமாகச் சாயும். பின் இருக்கைப் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் முன் இருக்கையின் முதுகு. என் மகன் காலை நீட்டி அதை உதைத்துக்கொண்டே வருவான், தங்கை தூக்கம் போய்விடும்.

ஒற்றையாக வாங்கி, இரண்டாவது பிள்ளை வந்ததும் இருக்கை சேர்த்துக்கொள்ளும் வகையும் இதில் உண்டு. அப்பாபேபி விஸ்டா அப்படிப்பட்டது. மறைந்திருக்கும் செலவு அங்கேதான்: இரண்டாம் இருக்கை தனி விலை, அதைப் பொருத்தும் கொக்கி தனி விலை. பல மாடல்களில் இரண்டு இருக்கையோடு சேர்த்து மடக்கவும் முடியாது. ஒன்றைக் கழற்றி, மீதியை மடக்கினால் கையில் இரண்டு மூட்டை. விமான வாசலில் அதை நினைத்துப் பாருங்கள்.

யாருக்கு ஏற்றது: ஒரே நகரத்துக்குள், ரயிலிலும் லிஃப்டிலும் தினமும் போய்வருகிறவர்கள். விமானத்துக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம்.

## இரண்டு ஒற்றை வண்டிகள்

இரண்டு பெரியவர்கள் போகிறீர்கள் என்றால் இதை முதலில் யோசியுங்கள். ஆளுக்கொரு பிள்ளை, ஆளுக்கொரு வண்டி. ஒருவர் கழிவறைக்குப் போனாலும் ஒருவர் கடைக்குப் போனாலும் பிரிந்து போகலாம். இரண்டையும் பக்கத்தில் சேர்த்துப் பூட்டும் இணைப்புக் கிளிப்புகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஒரே மாடலாக இருந்தால்தான் சரியாக உட்காரும். சேர்த்துவிட்டால் அகலம் 90 சென்டிமீட்டரைத் தாண்டும், எந்தக் கதவிலும் கழற்ற வேண்டும். பிரேக்கும் இரண்டிலும் தனித்தனியாகப் போட வேண்டும், ஒன்றை மறந்தால் சரிவில் ஆபத்து. தனியாகப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

## ஒற்றை வண்டியும் கேரியரும்

இரண்டாவது பயணத்தில் இதைத்தான் செய்தேன். மகள் நெஞ்சில், மகன் ஏழு கிலோ வண்டியில். விமான வாசலில் மகனை இறக்கி, “வண்டிக் கம்பியைப் பிடிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் மடக்கினேன். பத்து விநாடி ஆகியிருக்கும். முந்திய முறை நடந்ததை நினைத்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

கோயிலிலும் பேருந்திலும் உறவுக்காரர் வீட்டு மாடிப்படியிலும் கேரியர் கூடவே வரும். கைக்குழந்தை அழுதால் அணைத்தபடியே நடக்கலாம். மகன் நடக்கிறேன் என்று அடம்பிடித்தால் வண்டியில் பையை வைத்துவிடலாம்.

கஷ்டமும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் நெஞ்சோடு எட்டு கிலோ குழந்தையைக் கட்டிக்கொண்டு நடந்தால் இருவருக்கும் வியர்த்து நனையும். பத்து கிலோ தாண்டினால் தோளும் இடுப்பும் கேட்கும், அப்போது முதுகில் கட்டும் வகைதான் வழி. அறுவைச் சிகிச்சையில் பிரசவமாகி இன்னும் வலி இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கட்ட வேண்டாம். கட்டும்போது குழந்தையின் முகம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், முகவாய் அதன் நெஞ்சில் அழுந்தக் கூடாது, முழங்கால்கள் இடுப்புக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் கேரியரைக் கழற்றச் சொல்வார்கள், தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். அதற்குத் தயாராக இருங்கள்.

‘கேபினுக்குள் எடுத்துப்போகலாம்’ என்ற விளம்பரத்தை நம்பி ஒற்றை வண்டி வாங்குகிறவர்கள் அளவை நாடாவால் அளந்து பாருங்கள். யோயோ என்ற ஒற்றை வண்டியை மடக்கினால் ஏறக்குறைய 52 × 44 × 18 சென்டிமீட்டர். இண்டிகோவின் கைப்பை அளவு 55 × 35 × 25. ஸ்கூட் விமானத்துக்கு 54 × 38 × 23. மூன்று அளவையும் கூட்டினால் வண்டி 115-க்குள் அடங்கும், அகலத்தில் மட்டும் மிஞ்சும். வாசலில் நிற்கும் ஊழியர் விட்டால் உண்டு, விடாவிட்டால் கீழே சரக்கறைக்குப் போகும். அதனால் உறையை எப்போதும் கையில் வைத்திருங்கள். சாங்கி விமான நிலையத்தில் புறப்பாட்டுப் பகுதிக்குள் இலவச ஸ்ட்ரோலர் இருக்கிறது. உங்கள் வண்டியைச் செக்-இன்னில் போட்டுவிட்டு அதைத் தள்ளிக்கொண்டு கேட் வரை போகலாம்.

யாருக்கு ஏற்றது: தனியாகப் பயணிக்கும் அம்மாக்கள், அப்பாக்கள், சின்னது ஒரு வயதுக்குள், ஊரில் வீடு, கோயில், கல்யாணம் என்று சுற்றும் பயணம். என்னைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான்.

## நிற்கும் பலகை

ஒற்றை வண்டியின் பின்னால் சக்கரப் பலகை ஒன்றைப் பூட்டினால் மூத்த பிள்ளை நின்றுகொண்டு வரும். ஏறக்குறைய இரண்டு வயதிலிருந்து 20 கிலோ வரை தாங்கும். விலையும் குறைவு, பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். தள்ளுகிறவரின் கால் முட்டி பலகையில் இடித்துக்கொண்டே இருக்கும், பிள்ளைக்குத் தூக்கம் வந்தால் தூக்கியே ஆக வேண்டும். இரவு விமானம் என்றால் இது போதாது. மூன்றரை வயதைத் தாண்டிய, பகல் தூக்கம் விட்டுப்போன பிள்ளைக்குச் சரி.

## ஒரே பார்வையில்

| வகை | அகலம் | தனியாளாக மடக்க | ஊர்த் தெருவில் | எத்தனை நாள் உதவும் |
|---|---|---|---|---|
| பக்கத்துப் பக்கம் | 70–77 செ.மீ | கஷ்டம் | திணறும் | மூத்தது மூன்றரை வயது வரை |
| முன்பின் | 60–66 செ.மீ | மிகக் கஷ்டம் | ஏற்ற இறக்கத்தில் கனம் | சின்னதுக்கு ஒற்றையாகத் தொடரும் |
| இரண்டு ஒற்றை | 45–50 செ.மீ, சேர்த்தால் 90-க்கு மேல் | இருவர் வேண்டும் | பரவாயில்லை | நீண்ட நாள் |
| ஒற்றை + கேரியர் | 45–50 செ.மீ | சுலபம் | நல்லது | சின்னது 10 கிலோ வரை வசதி |
| ஒற்றை + பலகை | 45–50 செ.மீ | சுலபம் | பலகை தட்டும் | 20 கிலோ வரை |

## விலைச்சீட்டில் வராத செலவு

இரட்டை வண்டி வாங்கினால் மழை உறையும் இரட்டை அளவு, பயண உறையும் இரட்டை அளவு. சிங்கப்பூரில் நான்கு பேர் டாக்ஸி போதாமல் ஆறு பேர் டாக்ஸியை அழைப்போம், ஒவ்வொரு முறையும் கூடுதல் கட்டணம். விற்கும்போதும் இரட்டைக்கு ஆள் குறைவு. பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் என் வண்டி இரண்டு மாதம் கிடந்தது, வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் போனது. அதே காரணத்தால், வாங்குகிறவர்களுக்குப் பழைய இரட்டை வண்டி நல்ல விலைக்குக் கிடைக்கும். பிரேக்கையும் இருக்கைப் பட்டையின் பூட்டையும் இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

பழுதும் செலவுதான். ஒரு பயணத்தில் எங்கள் வண்டி பெல்ட்டில் வந்தபோது முன் சக்கரத்தின் தண்டு வளைந்திருந்தது. ஒப்படைக்கும்போது நன்றாக இருந்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. இப்போதெல்லாம் டேக் கட்டியவுடன் நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுகிறேன். கழற்ற முடிந்த சக்கரத்தையும் முன்கம்பியையும் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன். சேதம் இருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் புகார் எழுதிவிடுங்கள், வீட்டுக்குப் போய் எழுதினால் வலு குறைவு.

ஐந்தாறு நாள் பயணம், அதிலும் தீம் பார்க் ஒன்றிரண்டு நாள்தான் என்றால், இரட்டை வண்டியை அங்கேயே வாடகைக்கு எடுப்பது மேல். வாங்கும் விலையில் சிறு பங்குதான் ஆகும், விமானத்தில் ஏற்றும் தலைவலியும் இல்லை.

## கடையில் செய்ய வேண்டிய சோதனை

பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மதியத் தூக்கத்துக்குச் சற்று முன்னால், இருவரும் சிணுங்கத் தொடங்கும் நேரமாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. இருவரையும் உட்கார வைத்து, பட்டை போட்டு, கடையை ஒரு சுற்று வாருங்கள். கூடையில் உங்கள் டயபர் பையை வையுங்கள். பிறகு கணவரையோ மனைவியையோ பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூத்ததை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, தனியாக மடக்குங்கள். மடக்கியதைத் தூக்கிப் பத்து எண்ணுங்கள். விற்பனையாளர் உதவ வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், விமான வாசலுக்கு அவர் வரமாட்டார். முடியவில்லை என்றால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.